நாற்பது கிறெயின் ரவை

1

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு இரண்டு கிலோ ரவை வந்து சேர்ந்தது. நான் கேட்டது இரண்டு பெட்டி ரவை.

யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. துப்பாக்கிக்குள் போடுவதும் ரவைதான், உப்புமா கிண்டுவதும் ரவைதான். "ரவைகள் கைப்பற்றப்பட்டன" என்று வானொலியில் செய்தி வாசித்தபோது நாங்கள் ஒருவரும் குசினியை நினைத்ததில்லை. ஆனால் இங்கே நகரத்தின் மற்றக் கரையில், பொயிண்ட் குக்கில் இருக்கிற எங்கள் சிநேகிதி மீனா மதுரைக்காரி. அவளுக்கு ரவை என்றால் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

மீனாவின் கணவர் சரவணன் கணினி வேலை பார்க்கிறார். வார இறுதியில் கடதாசி இலக்கைச் சுடுகிற கிளப் ஒன்றுக்குப் போகிறவர். என்னிடம் துப்பாக்கி இருப்பதற்கு நரி முதல் காரணம், சரவணன் இரண்டாவது காரணம். அவரோடு கதைக்கும்போது நான் எப்போதும் புல்லட் என்றுதான் சொல்வேன். அன்று வேலை அவசரத்தில் அவருடைய போனுக்கு எடுத்தேன், மீனா எடுத்தாள், என் வாய் தன்பாட்டுக்கு ஊர்ச் சொல்லைச் சொல்லிவிட்டது.

"அக்கா, பாம்பே ரவாதான் கெடச்சுது. ரெண்டு பெட்டின்னு சொன்னீங்க, கடையில பெட்டியா இல்ல, பாக்கெட்டாதான் இருந்துச்சு. பரவாயில்லையா?" என்று பையை மேசையில் வைத்தாள்.

நான் பையைப் பார்த்தேன். பிறகு சரவணனைப் பார்த்தேன். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"அக்கா... நீங்க கேட்டது அந்த ரவையா?"

"நீர் எந்த ரவை எண்டு நினைச்சீர்?"

"கேசரிக்குன்னு நெனச்சேங்க்கா!" என்றார்.

மீனாவுக்கு விஷயம் விளங்கியதும் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் என் சிரிப்பு அரைவாசியில் நின்றுவிட்டது. பட்டியில் இரண்டு ஆடுகள் இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றன. நரி அந்தப் பருவத்தில் ஏற்கெனவே ஐந்து குட்டிகளைக் கொண்டுபோய்விட்டது. இனி ஒன்று போனாலும் எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கிரான்பர்னில் ஒரு சின்ன யூனிற் வீட்டுக்குள் போய் இருப்போம் என்று என் மனிசன் குகன் சொல்லிவிட்டார். துப்பாக்கிக்கும் அவர் ஒரேயொரு நிபந்தனைதான் போட்டிருந்தார். அந்த இரண்டு பெட்டியும்தான் அந்த நிபந்தனை.

அவர்கள் போன பிறகு எனக்கு வவுனியா ஞாபகம் வந்தது. சோதனைச் சாவடியில் ஓர் இளம் ஆமிக்காரன் எங்கள் பையைத் தூக்கிப் பார்த்து "என்ன?" என்று தமிழில் கேட்டான். வகுப்பில் படித்த தமிழ். என் அம்மா நேர்மையாக "ரவை" என்று சொன்னார். அவன் பையைக் கீழே போட்டுவிட்டுத் துள்ளிப் பின்னால் போனான். அவனுடைய பாடப்புத்தகத்தில் ரவைக்கு ஒரு கருத்துத்தான் இருந்திருக்க வேண்டும். நாலைந்து பேர் ஓடிவந்து எங்களைச் சுற்றி நின்றார்கள். அம்மா நிலத்தில் குந்தியிருந்து பையைத் திறந்தார். ஒரு பிடி அள்ளி வாய்க்குள் போட்டு, அவர்களைப் பார்த்தபடியே மென்றார். "உப்பில்லை" என்றார். அவர்களுடைய பெரியவன் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மீனாவின் கதை சிரிப்பாகவே முடியக்கூடிய நாட்டில் இருக்கிறேன் என்பது பெரிய விஷயம்தான். ஆனாலும் ரவை வரவில்லையே!

2

எங்களுக்கு ஆடு எப்படி வந்தது என்று பலர் கேட்கிறார்கள். நான் ஆஸ்பத்திரியில் மருந்தாளர். குகன் பஸ் ஓட்டுகிறார். மகள் ஆரணி வேலை கிடைத்து சிட்னிக்குப் போனதும் வீடு வெறுமையாகிவிட்டது. கிரான்பர்னைத் தாண்டித் தென்கிழக்கே கொஞ்சம் காணி வாங்கினோம். புல்லு வெட்டி மாளவில்லை என்று குகன் மூன்று ஆடு வாங்கினார். மூன்று முப்பதானது. கலியாண வீடு, பிறந்தநாள் என்று எங்கள் சனம் இறைச்சிக்குத் தேடி வரும். தாய் ஆடுகளுக்கு மட்டும்தான் குகன் பெயர் வைப்பார். குட்டிகளுக்கு வைக்கமாட்டார், விற்கிற அன்றைக்கு வாய் வராது என்பார். அப்படியிருந்தும் விற்கிற அன்றைக்கு அவர் பஸ்சில் கூடுதல் நேர வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆட்டை ஏற்றுகிறது நான்.

நரி என்றால் நாங்கள் ஊரில் கேட்ட ஊளை. இங்கே அது ஊளையிடுவதில்லை. செம்மஞ்சள் நிறத்தில், பஞ்சு வாலோடு, விடிகிற நேரத்தில் வேலைக்குப் போகிற மாதிரி நடந்து வருகிறது. தாய் இரண்டாவது குட்டியை ஈனும்போது முதலாவதைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

வேலியை உயர்த்தினோம், தோண்டிக்கொண்டு வந்தது. மினுங்குகிற லைற் போட்டோம், அந்த வெளிச்சத்திலேயே வந்து பார்த்துத் தெரிந்தெடுத்தது. காவலுக்கு, ஒட்டகச் சாதியைச் சேர்ந்த அல்பாக்கா நல்லது என்று பக்கத்துக் காணிக்காரர் சொன்னார். வாங்கினோம். அல்பாக்கா மூன்றாம் நாளே நரியோடு சமாதானமாகிவிட்டது. அதன் தொட்டியில் நரி தண்ணீர் குடிக்க, இது பக்கத்தில் நின்று அசைபோடும்.

பிறகுதான் நான் பாதுகாப்பு வகுப்புக்குப் போனேன், சோதனை எழுதினேன், இரும்புப் பெட்டி வாங்கிச் சுவரில் பூட்டினேன். ரவைக்கு வேறு பெட்டி, வேறு திறப்பு. லைசென்ஸ் கவுன்ரரில் இருந்த பிள்ளை மிக மரியாதையாக, துப்பாக்கி எதற்கு என்று கேட்டாள்.

"எ ஃபாக்ஸ் ஹாஸ் டேக்கன் ஃபோர் ஒஃப் மை கிட்ஸ்" என்றேன்.

அவள் பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. ஆட்டுக்குட்டிக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவளுக்குத்தான் அந்த நேரம் மறந்துபோயிற்று. நான் கொஞ்ச நேரம் விட்டுத்தான் "கோட்ஸ்" என்று சொன்னேன். வரிசையில் அவ்வளவு நேரம் நின்றவளுக்கு அந்தளவு சந்தோஷமாவது வேண்டாமா?

சிட்னியில் இருந்து ஆரணி போன் எடுத்தாள்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? எ கன்? த ஃபாக்ஸ் இஸ் ஒன்லி பீயிங் எ ஃபாக்ஸ்."

"அது நரியா இருக்கட்டும். நான் ஆடு வளக்கிறவளா இருக்கிறன்" என்றேன். போனை வைத்துவிட்டாள். நான் சிட்னிக்குப் போனால் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போகும்போதுதான் நானும் அவளும் ஒரு மணித்தியாலம் சேர்ந்தாற்போலக் கதைக்கிறோம். மற்றபடி எல்லாம் போனில் இப்படி அரைகுறைதான்.

3

இனி நிறை. இதில் நான் முதலில் பிழைவிட்டேன். அதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சரவணன் சொல்லுவார்.

ரவையின் நிறையைக் கிறெயின் கணக்கில் சொல்கிறார்கள். கிறெயின் எனக்குப் புதிது இல்லை. பழைய மருந்துப் புத்தகங்களில் அஸ்பிரின் குளிசை ஐந்து கிறெயின் என்றுதான் இருக்கும். ஒரு தானிய மணியின் நிறையில் இருந்து வந்த அளவு. தங்கக் கடையில் குன்றிமணி வைத்து நிறுத்தார்களே, அந்த வழிதான். நாற்பது கிறெயின் என்றால் இரண்டரைக் கிராமுக்குச் சற்று மேலே. உப்புமா ரவையில் ஒரு தேக்கரண்டி கூட வராது.

சரவணன் எனக்குக் கட்டுரைகள் அனுப்பினார். எல்லாம் அமெரிக்கர் எழுதியவை. எல்லாவற்றிலும் கொயோட்டி, அங்கத்தைய சின்ன ஓநாய். கொயோட்டிக்கு எந்த நிறை ரவை நல்லது என்று பக்கம் பக்கமாக அடிபடுகிறார்கள். தோல் பழுதாகக்கூடாது என்கிறவனுக்கு ஒன்று, தூரத்தில் சுடுகிறவனுக்கு ஒன்று, காற்றடிக்கிற வெளிக்கு இன்னொன்று. வாசித்து வாசித்து, கனம் கூடினால் பலம் கூடும் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். துப்பாக்கிக் கடைக்குப் போய் என் துவக்குக்கு (துப்பாக்கிக்கு எங்கள் ஊர்ச் சொல்) இருந்ததில் கனமானதைக் கேட்டேன். அறுபத்தொன்பது கிறெயின்.

கடைக்காரி கேட்டாள்: "வாட்ஸ் யுவர் ட்விஸ்ட்?"

எனக்குத் தெரிந்த ட்விஸ்ட் படத்தில் இடைவேளைக்கு முதல் வருவது. "நோ ட்விஸ்ட். சிம்பிள் ஸ்டோரி. ஃபாக்ஸ் ஈட்ஸ் கோட்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தந்தாள். அவள் கேட்டதன் அர்த்தம் எனக்கு அடுத்த ஞாயிறு சரவணனின் கிளப்பில்தான் விளங்கியது. நான் சுட்ட கடதாசியில் ஓட்டைகள் தட்டளவு அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. அதிலும் ஒன்று வட்டமாக இல்லை. ரவை பக்கவாட்டில் படுத்துக்கொண்டு போன மாதிரி நீளமாக இருந்தது.

"அக்கா, உங்க புல்லட்டு குட்டிக்கரணம் அடிச்சுக்கிட்டுப் போகுது" என்றார் சரவணன்.

குழாய்க்குள் வரி இருக்கிறதாம். அந்த வரிதான் ரவையைப் பம்பரம் போலச் சுழற்றி அனுப்புகிறது. அந்தச் சுழற்சிதான் ட்விஸ்ட். என் துவக்கு பழையது, மெதுவாகச் சுழற்றுவது. கனமான ரவை நீளமாகவும் இருக்கும், அதை நேராக ஓட்ட இந்தச் சுழற்சி காணாது. போதாக்குறைக்கு, கொயோட்டியின் நிறையில் அரைவாசி கூட இங்கத்தைய நரிக்கு இல்லை. ஆறு கிலோ இருந்தால் அதிகம். நோயாளியின் நிறை பார்க்காமல் மருந்து கொடுத்தால் நான் என் வேலையில் ஒரு நாள் நிற்கமுடியுமா? அதைத்தான் இங்கே செய்திருந்தேன்.

சரவணன் தன்னுடைய ஐம்பத்தைந்து கிறெயின் ரவைகளில் கொஞ்சம் தந்தார். ஐந்து ஓட்டையும் ஓர் இரண்டு டொலர் நாணயக் குற்றிக்குள் அடங்கின. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் தந்த எல்லாவற்றையும் அங்கேயே சுட்டுத் தீர்த்தேன்.

"இதுதாங்க்கா கரெக்ட். அம்பத்தஞ்சு எல்லாத்துக்கும் ஆகும். நாப்பதுன்னா வேகம் ஜாஸ்தி, ஆனா காத்து தள்ளிடும்."

அப்போது எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

4

அன்று பின்னேரம் குசினிக் கதிரையில் இருந்து குகன் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். துவக்கு வீட்டுக்கு வந்த நாளில் இருந்து அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. நான் சுட்டுப் பழகப்போகிற நாட்களில் கிரான்பர்னில் இருக்கிற தன் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். நான் ஐந்து ஓட்டை விழுந்த கடதாசியைப் பெருமையோடு அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதைத் தொடவில்லை.

"நீர் சுடுறதெண்டால் சுடும். நான் மறிக்கேல்லை. நரியாலை எனக்கும் நித்திரை இல்லை. ஒண்டு மட்டும் கேக்கிறன். அது அங்காலை போகுமோ?"

"எது?"

"ரவை. நரியிலை பட்டால், நரிக்குள்ளை நிக்குமோ, அங்காலை போகுமோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

குகனின் இடது காறை எலும்புக்குக் கீழே ஒரு ரவை இருக்கிறது. எடுத்தால் ஆபத்து என்று ஊரிலேயே விட்டுவிட்டார்கள். இங்கே ஒருமுறை ஸ்கேன் எடுக்கப் போனபோது, உடம்பில் உலோகம் ஏதும் இருக்கிறதா என்று தாதி கேட்டாள். "ஒன். ஸ்மோல். நொட் மைன்" என்றார் இவர். அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். அது பகிடி இல்லை. பதினெட்டு வயதில் இவர் சைக்கிள் உழக்க, கூட்டாளி ராசன் முன் பாரில் இருந்தான். ரியூசனுக்குப் போன வழி. ரவை முன்னாலிருந்து வந்தது. ராசனின் நெஞ்சுக்குள்ளால் போய், முதுகால் வெளியில் வந்து, இவருக்குள் நின்றது. யார் சுட்டது, யாருக்குச் சுட்டது என்று இன்றைக்கும் தெரியாது. ராசன் அந்த இடத்திலேயே போய்விட்டான். இவர் அதைக் கலியாணத்துக்கு முதல் எனக்கு ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கதை எங்கள் வீட்டில் எழும்பியதே இல்லை.

நான் சரவணனிடம் கேட்டேன், புத்தகம் பார்த்தேன், கிளப்பில் நரி வேட்டைக்குப் போகிற வெள்ளைக்காரரைக் கேட்டேன். ஐம்பத்தைந்து சில வேளை அங்காலை போகும். நாற்பது கிறெயின், பிளாஸ்டிக் முனை வைத்தது, போன வேகத்துக்கு உள்ளுக்குள்ளேயே சிதறிவிடும், அநேகமாக வெளியில் வராது. காற்றுக்குத் தள்ளும் என்பது உண்மை. தள்ளட்டும். நான் நூறு மீற்றருக்கு அங்காலே சுடப்போவதில்லை, காற்றடிக்கிற நாளில் சுடப்போவதும் இல்லை.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதே குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன்: "அப்பா கேக்கிறார், ரவை அங்காலை போகுமோ எண்டு. ஐம்பத்தைஞ்சு போகும் போலை கிடக்கு."

ஆரணிக்குத் தமிழ் கதைத்தால் விளங்கும், வாசிக்க வராது. போனில் இருக்கிற மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்திருக்கிறாள். அது ரவையை உப்புமா ரவை என்று எடுத்து, அப்பா சாப்பிட்டது வெளியில் போகுமா என்று கேட்கிறார் என்கிற மாதிரி ஏதோ சொல்லியிருக்கிறது. பிள்ளை பதறிப்போய் எழுதினாள்: "அம்மா, இஸ் அப்பா கொன்ஸ்டிபேட்டட்? ஃபிஃப்டி ஃபைவ் வாட்?" கீழே நார்ச்சத்துள்ள சாப்பாடுகளின் படங்கள் வேறு.

நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு அவளுக்குப் போன் எடுத்தேன். எந்த ரவை என்று சொன்னேன். அவளும் சிரித்தாள். பிறகு, "பட் வை டஸ் அப்பா கெயார் வேர் இட் கோஸ்?" என்று கேட்டாள்.

அப்பாவின் தோளில் இரும்பு இருப்பது அவளுக்குத் தெரியும். அது இன்னொருவனைத் தாண்டி வந்தது என்று தெரியாது. நான் தமிழிலேயே சொன்னேன், ராசனின் பெயரையும் சொன்னேன். லைன் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று பார்த்தேன்.

"விச் வன் ஸ்டொப்ஸ்?" என்றாள் கடைசியில்.

"நாப்பது."

"தென் கெட் த ஃபோர்ட்டி, அம்மா."

துவக்கே வேண்டாம் என்றவள் ரவையின் நிறையைச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் நான் சரவணனுக்குப் போன் எடுத்ததும், மீனா எடுத்ததும், இரண்டு கிலோ ரவை வந்ததும்.

5

மறுநாள் ஞாயிறு. விடிகிறபோது எழும்பினேன். பக்கத்தில் குகன் இல்லை, குளியலறைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். யன்னலால் பார்த்தால் நரி நிற்கிறது.

எண்பது மீற்றர் இருக்கும். அசையாமல், காதை நிமிர்த்திக்கொண்டு, ஆடு ஈனுகிற தகரக் கொட்டிலைப் பார்த்தபடி நின்றது. சின்னக்கிளி, எங்களுடைய முதல் ஆடு, கொட்டிலுக்கு வெளியே வேலியோடு ஈன்றிருந்தது. ஈரக்குட்டி ஒன்று புல்லில் தலையை ஆட்டிக்கொண்டு கிடந்தது.

என்னிடம் இருந்தது அந்த அறுபத்தொன்பது கிறெயின் பெட்டி மட்டும்தான். பெட்டிகளைத் திறந்து, துவக்கை எடுத்து, ஒன்றைப் போட்டுக்கொண்டு பின் வாசலுக்கு வந்தேன். வாசல் கைப்பிடிக் கட்டையில் கையை ஊன்றினேன். குட்டியின் பக்கம் திரும்பிய நரியின் விலா துவக்கின் குறிபார்க்கும் கண்ணாடிக்குள் தெளிவாகத் தெரிந்தது. காற்று இல்லை. கை ஆடவில்லை. இவ்வளவு தெளிவாக அது எனக்கு ஒருநாளும் அகப்பட்டதில்லை.

ஆனால் நரிக்குப் பின்னால் கொட்டில். தகரம். அதற்குள் மற்ற ஆடுகள். அங்காலை போகுமோ?

இந்தத் துவக்கில் இந்த ரவை எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. நரியில் பட்டாலும் போகும், படாவிட்டாலும் போகும். விரலை எடுத்தேன், பாதுகாப்புப் பூட்டைப் போட்டேன், துவக்கைக் கீழே இறக்கினேன். "ஏய்! நாசமாய்ப் போவாய்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு படியிறங்கினேன். நரி என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. குட்டியைக் கவ்வியது. ஓடியது.

அந்தச் சத்தத்துக்குக் கொட்டில் கதவு திறந்தது. வாளியோடு குகன் வெளியில் வந்தார்.

அப்படியே படியில் குந்தியிருந்துவிட்டேன். சின்னக்கிளிக்கு ஈனுகிற நோவு என்று பார்த்து, என்னை எழுப்பாமல் அவர் விடிய முதலே போயிருக்கிறார். மற்ற ஆட்டைப் பார்க்கக் கொட்டிலுக்குள் குனிந்து நின்றிருக்கிறார். நரிக்கு நேர் பின்னால்.

அவர் என்னையும் துவக்கையும் பார்த்தார். நரி நின்ற இடத்தையும் கொட்டிலையும் பார்த்தார். கணக்கு அவருக்கும் விளங்கிவிட்டது.

"நீர் சுடேல்லை" என்றார்.

"எனக்கு நீங்கள் உள்ளுக்கை நிக்கிறது தெரியாதப்பா. தகரத்தைப் பாத்துத்தான் சுடாமல் விட்டனான்." எனக்கு அழுகை வந்துவிட்டது. "குட்டியைக் கொண்டு போயிட்டுது."

"போகட்டும்."

வந்து பக்கத்தில் இருந்தார். ஆட்டை விற்கிற கதை அன்றைக்கு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "அந்த நாப்பது எப்ப வருகுது?" என்று கேட்டார்.

துவக்கு வைத்திருக்கிற, வைத்திருக்கப்போகிற எங்கள் சனத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நிறை எல்லாம் பிறகு. முதலில் பின்னுக்கு என்ன நிற்கிறது என்று பாருங்கள். மண் இருந்தால் சுடுங்கள். இல்லாவிட்டால் நரி பிழைத்துப் போகட்டும், உங்களுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

6

அந்தக் கிழமை நானே வேலை முடிந்து கடைக்குப் போனேன். அதே பெண். இந்தமுறை அவள் கேட்க முதலே என் துவக்கின் ட்விஸ்ட்டைச் சொன்னேன். இரண்டு பெட்டி நாற்பது கிறெயின் தந்தாள். ஞாயிறு சரவணனோடு கிளப்புக்குப் போய்க் கண்ணாடியை அதற்கு ஏற்றபடி திருத்தினோம். ஓட்டைகள் நல்ல நெருக்கம். சரவணன் கடதாசியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சரிங்க்கா, நான் தோத்துட்டேன்" என்றார். மீனா கேசரி கொண்டுவந்திருந்தாள். இனிமேல் என்னைக் கண்டால் அவளுக்குக் கேசரிதான் ஞாபகம் வருமாம்.

குட்டை தோண்டிய மண்ணைக் கொட்டிய மேடு ஒன்று எங்கள் காணியின் கீழ்ப்பக்கம் இருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு பஸ் நீளம். ஈனுகிற ஆடுகளை அந்தப் பக்கத்துக்கு மாற்றினோம். இனி நரி வந்தால் மேட்டைத் தாண்டித்தான் வரவேண்டும், என் பக்கத்தில் இருந்து பார்த்தால் அதற்குப் பின்னால் மண்தான்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை விடிகிற நேரம் நான் வெளிக்கிட்டபோது குகனும் வெளிக்கிட்டார்.

"நீங்கள் தங்கச்சி வீட்டை போகேல்லையோ?"

"இல்லை. நானும் வாறன்."

காதுக்கு மூடி ஒன்றை எடுத்து அவர் தலையில் மாட்டினேன். என் பின்னால், வலது பக்கம் நின்றார். எங்களுக்கு முன்னால் ஒருவரும் இல்லை என்று இரண்டு பேரும் ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டோம். கன நேரமாக ஒன்றும் வரவில்லை. அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. பிறகு மேட்டின் சரிவில் செம்மஞ்சள் நிறமாக ஒன்று இறங்கியது, பாதியில் நின்று ஆடுகளைப் பார்த்தது.

நான் சுட்டேன். நரி அந்த இடத்திலேயே விழுந்தது, துடிக்கக்கூட இல்லை.

திரும்பிப் பார்த்தேன். குகன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். ஓடவில்லை. நான் துவக்கை வெறுமையாக்கி அவருக்குக் காட்டிய பிறகு காது மூடியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, மேட்டை நோக்கித் தானாகவே நடந்தார். நான் பின்னால் போனேன்.

அவர் நரிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். ரவை உள்ளே போன பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு, பொட்டளவு. அதை விரலால் தொட்டார். பிறகு நரியை மெல்லப் புரட்டி, மற்றப் பக்கத்து மயிரைக் கையால் விலக்கி விலக்கிப் பார்த்தார். விலா, வயிறு, முதுகு என்று ஓர் இடமும் விடவில்லை. எவ்வளவு நேரம் அப்படித் தேடினார் என்று தெரியாது. நான் அவரை அவசரப்படுத்தவில்லை.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. ஆரணி. விடிய இந்த நேரத்தில் அவள் எழும்பியதை நான் கண்டதே இல்லை. இன்றைக்குச் சுடப்போகிறோம் என்று இரவு நான்தான் சொல்லியிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா நிக்கிறாரோ?" என்றாள். தமிழில்.

"நிக்கிறன் பிள்ளை."

"அப்பா... அங்கால போச்சா?"

குகனின் கை நரியின் முதுகில் இருந்தது. மேலே பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை, மேட்டைப் பார்த்தார்.

"இல்லை மோள்" என்றார். "உள்ளுக்கையே நிண்டிட்டுது."

பிறகு கையைப் புல்லில் துடைத்துவிட்டு, சின்னக்கிளிக்குத் தண்ணீர் வைக்கவேண்டும் என்று எழும்பிப் போனார்.